புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்

பட்டறையில் எல்லோரும் அவளைப் படக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புச் சாமான்களுக்குக் கணினியில் படம் வரைவது அவள் வேலை. புதிதாக வருகிறவர்கள் எந்தப் படத்தில் நடித்தவர் என்று விசாரிப்பதும், கடைசல் எந்திரம் ஓட்டும் லேத்காரர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி அனுப்புவதும் வழக்கம். அவளும் மறுப்பதில்லை.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து முந்தைய வேலை ஒன்றின் கோப்பைத் திறந்தாள். உயரமான கட்டிடங்களின் வெளிச்சுவரில் ஆட்களை ஏற்றி இறக்கும் தொங்குமேடைக்கான இரும்பு முளை அது. மேடையின் பாரமெல்லாம் அந்த விரல் தடிமன் முளைகளில்தான் தொங்கும். முளை தடிமனிலிருந்து மெலிகிற இடத்தில் மூலை கூர்மையாக இருந்தால் அங்கேதான் விரிசல் விடும். அதற்காகவே 0.8 மில்லிமீட்டர் வளைவு வைத்திருந்தாள். லேத்தை ஓட்டும் மென்பொருளில் அந்த இடத்தில் வெறும் பூஜ்யம் நின்றது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பூஜ்யம்தான்.

தான் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தாள். 0,8 என்று இருந்தது. புதுக் கணினியை யாரோ வேறு நாட்டு வழக்கப்படி எண்களை எழுதுமாறு அமைத்திருக்கிறார்கள்; புள்ளிக்குப் பதில் கமா. லேத்தின் மென்பொருளோ கமாவைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிட்டது. மற்ற அளவுகளெல்லாம் முழு எண்கள் என்பதால், அளந்து பார்த்த யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

முளைகளை மாட்டியாகிவிட்டது. அந்த மேடையில் நின்று வர்ணம் அடிக்கிறவர்களில் ஒருவன் அவள் கொழுந்தன். வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறான்," என்றாள் லேத்காரரிடம். "வண்டிய எடுங்கண்ணே."

வழியெல்லாம் அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். கட்டிடத்தின் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, உச்சிக்குச் சற்றுக் கீழே மேடை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு தலைகள்.

விஷயத்தைக் கேட்ட மேஸ்திரிக்கு எரிச்சல். "இத்தனை நாளா தொங்குது, இப்ப மட்டும் என்ன வந்துச்சு? சரி, இறக்கச் சொல்றேன்."

"இறக்காதீங்க. மோட்டார் கிளம்புறப்போ ஒரு குலுக்கு குலுக்கும். பக்கத்து ஜன்னல் வழியா உள்ள எடுத்துருவோம். இடுப்புல கயிறு மாட்டியிருக்காங்கல்ல?"

மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார். "வெயிலுக்குக் கசகசங்குதுன்னு கழட்டி வெச்சிருப்பானுங்க."

அவள் லேத்காரரோடு படிகளில் ஏறி ஓடினாள்.

மேல்தளத்து ஜன்னலை அவள் திறந்ததும் கொழுந்தன் சிரித்தான். "என்ன அண்ணி, இங்கயும் வந்து படம் காட்டுறீங்களா?"

"பேசாத. குதிக்காத. கயிற மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

மூத்த வர்ணக்காரர் முதலில் காலை வைத்தார். அவர் பாரம் விலகியதும் மேடை ஒருபுறம் சாய்ந்தது. மேலே எங்கோ டொக்கென்று ஒரு சத்தம். கொழுந்தனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். லேத்காரர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவன் உள்ளே வந்து விழுந்த பிறகும் அவள் விரல்கள் காலரை விடவில்லை; அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பட்டறைக்குக் கழற்றிக் கொண்டுவந்த முளைகளை முதலாளி துணியால் துடைத்தார். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில், வளைவு இருந்திருக்க வேண்டிய மூலையில், முடி மாதிரி ஒரு கோடு பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

அவர் திட்டுவார் என்று அவள் நின்றாள். அவர் திட்டவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டர் வந்ததுலேருந்து வேற என்னென்ன போயிருக்கு?" என்று கேட்டார்.

படிக்கட்டுக் கைப்பிடிகள், சக்கர நாற்காலி அச்சு, ஒரு பள்ளிக்கூடத்து ஊஞ்சல் கொக்கி. முதலாளி நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல பள்ளிக்கூடத்துக்கு போன் போடு," என்றார்.

அவள் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை.