பித்தளைக் காதுகள்

பேய் இரவில்தான் வரும் என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு. நான் கேட்டது பட்டப்பகலில். 2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, பிற்பகல் 1.20. வெயில் நூற்று நான்கு டிகிரி. நான் குடிப்பவன் அல்லன். முப்பத்தோராண்டுகள் பள்ளியில் வடிவகணிதம் கற்பித்தவன். நடந்ததில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. கூட்டவேண்டிய தேவையும் இல்லை.

ஃபான்டனாவில் என் வீட்டுக் கார் ஷெட்டில் பழைய பி.எம்.எக்ஸ் சைக்கிள்களின் சட்டங்கள் கொக்கிகளில் தொங்குகின்றன. அவை பந்தய வண்டிகளுடையவை அல்ல. ஒற்றைச் சக்கரத்தில் நின்று சுழன்று வித்தை காட்டுவதற்கென்றே எண்பதுகளில் செய்த ஃப்ரீஸ்டைல் வகை. சக்கரமும் கைப்பிடியும் இல்லாத வெறுஞ்சட்டத்தைக் கையில் கொடுத்தால் போதும். அது எந்த ஆண்டு மாடல் என்று சொல்லிவிடுவேன். சேகரிப்பவர்கள் யாரும் என் சொல்லை மறுத்ததில்லை. மறுத்திருக்கவேண்டும்.

அதற்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை காலை 10.15 மணிக்கு லோர்னா என்னும் பெண்மணி வந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். குளியல் துண்டில் சுற்றி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். செவ்வாய்தோறும் டோனட் பெட்டியுடன் வரும் என் நண்பர் வெண்டல் அப்போது தம் வழக்கமான நாற்காலியில் அமர்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. எண்பதுகளில் இதே ஊரில் சைக்கிள் பட்டறை நடத்தியவர்.

"ஜல்லி தோண்டின பழைய குழியில தண்ணிய இறைச்சப்போ சேத்துல இது நீட்டிக்கிட்டு இருந்துச்சாம் சார்," என்றார் லோர்னா. "எங்க அண்ணன் டெவ்லினோடதுன்னு நினைக்கிறேன். எண்பத்தஞ்சு ஆகஸ்ட் ஒன்பது அன்னைக்கு பைக்க எடுத்துட்டுப் போனவன்தான். பத்தொம்பது வயசு. திரும்பி வரல."

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"வியாழன் காலைல ஏழு மணிக்குக் குழிய மூடப்போறாங்க. இது எண்பத்தஞ்சு மாடல்னு விவரம் தெரிஞ்சவங்க எழுதிக் குடுத்தா, வேலைய நிறுத்திட்டு உள்ள தேடச் சொல்றேன்னாரு அதிகாரி. எண்பத்தாறு மாடல்னா அவனோடதா இருக்க முடியாதாம். அது அந்த வருஷம் அக்டோபர்லதான் கடைக்கே வந்துச்சாம்."

"வாத்தியார் சொன்னா பைக்கே தன் பொறந்தநாள மாத்திக்கும்மா!" என்று சிரித்தார் வெண்டல்.

சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடிக்குழாயில் பொறித்த வரிசை எண்ணைத் துரு தின்றிருந்தது. ஆனால் கைப்பிடி நிற்கும் தலைக்குழாயின் பின்புறம் காதுபோல நீட்டிய இரண்டு சிறு தகடுகள் இருந்தன. கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பின்பிரேக் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் வளையத்தை அந்தக் காதுகளில்தான் பொருத்துவார்கள். இந்த மாடலில் ஆலை அவற்றை வைத்தது 1986 முதல்தான்.

ஐயம் ஒன்றும் எழவில்லை. எனினும் முறை என்று ஒன்று உண்டல்லவா? காது பற்றவைத்த இடத்தைச் சற்றே சுரண்டிப் பார்க்கப் பிளேடை எடுத்தேன்.

"ஏய்... அசல் பெயின்ட்டுப்பா! சுரண்டிடாத," என்றார் வெண்டல். "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நீயே பண்ணலாமா?"

அசல் வண்ணத்தில் பிளேடு படக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் வேதவாக்கு. அதை மீறியவர்களை நானே கடுமையாக ஏசியிருக்கிறேன். பிளேடைக் கீழே வைத்தேன்.

10.50 மணிக்கு எழுதிக் கையொப்பமிட்டேன். 1986ஆம் ஆண்டு மாடல்.

"நிச்சயமா சார்?"

"நிச்சயம்."

லோர்னா சட்டத்தை என் பக்கம் தள்ளினார். "அப்போ இது எனக்கு எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க," என்று கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

"இந்தத் துருப்புடிச்சத நான் கொண்டுபோய்க் குப்பைல போட்டுடறேனே," என்றார் வெண்டல். நான் எதையும் குப்பையில் போடுபவன் அல்லன். கொக்கியில் மாட்டினேன்.

மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

1.20. மேசையருகே அமர்ந்திருந்தேன். பின்னால் ஓர் ஒலி. டிக்... டிக்... டிக்... டிக்...

மிதிப்பதை நிறுத்தியபின் வண்டி தானாக உருளும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து எழுமே, அந்த ஒலி. அது எனக்குத் தாலாட்டுப்போலப் பழகியது. திரும்பாமலே இருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. ஷெட்டில் ஒரு சக்கரங்கூட இல்லை.

திரும்பினேன். ஒலி நின்றது.

லோர்னாவின் சட்டத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதல்நாளே கவிழ்த்து வடித்துத் துடைத்த சட்டம் அது. அந்த வெயிலில் ஈரத்துணிகூட அரைமணியில் காய்ந்துவிடும்.

தரையில் ஈரக்கோடு ஒன்று இருந்தது. இரண்டு விரல் அகலம், டயரின் வரிகளோடு. ஒரே ஒரு சக்கரத்தின் தடம். என் நாற்காலியைச் சுற்றி வட்டம்... வட்டத்துக்குள் வட்டம்... வட்டத்துக்குள் வட்டம்...

நான் அதன் நடுவில்தான் அமர்ந்திருந்தேன்.

சட்டத்தின் இடக்காதில் ஓர் ஈரக் கைரேகை. துடைத்தேன்.

மீண்டும் வந்தது. துடைத்தேன்.

மீண்டும்.

மூன்றாம் முறை அழுத்தித் தேய்த்தேன். வண்ணம் உரிந்தது. உள்ளே மஞ்சள்.

பித்தளை.

ஆலை காதுகளை மின்சாரத்தால் பற்றவைத்தது. பித்தளையை ஒருபோதும் பயன்படுத்தவில்லை. அப்படியானால் இவற்றை எவரோ பட்டறையில் பித்தளையை உருக்கி ஒட்டவைத்து, மேலே வண்ணம் பூசியிருக்கிறார். நான் அசல் என்று வணங்கிய வண்ணம் அசலன்று. சட்டம் எண்பத்தைந்து. டெவ்லினுடையது.

நேரம் 1.52. லோர்னாவை அழைத்தேன். எடுக்கவில்லை. காவல் அதிகாரி விடுப்பில் இருந்தார், வெள்ளியன்றுதான் வருவாராம்; நிலையத்தில் மற்றவர்கள் அவரைத்தான் பார்க்கச் சொன்னார்கள். ஜல்லிக் குழிக்கு வண்டியை ஓட்டினேன். வாயில் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக் கத்தினேன். ஆள் இல்லை. அங்கிருந்தே வெண்டலை அழைத்தேன்.

"பித்தளையா?" என்றார். பிறகு, "சரி, வெயில்ல அலையாத வாத்தியாரே. அந்தக் காண்ட்ராக்டர் நமக்குத் தெரிஞ்சவன்தான். நான் பேசி நிறுத்திடறேன்."

நம்பினேன்.

வியாழன் காலை 6.40. நான் போவதற்குள் லாரிகள் கொட்டத் தொடங்கியிருந்தன. வெயிலுக்கு அஞ்சி ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்களாம். மேற்பார்வையாளரின் கையைப் பிடித்தேன்.

"நிறுத்துங்க! உள்ள ஒரு ஆள் இருக்கான்!"

அவர் ஒரு தாளை நீட்டினார். என் கடிதத்தின் நகல். "இது உங்க கையெழுத்துதானே பெரியவரே?"

"அது தப்பு. நான் எழுதினதுதான்... ஆனா தப்பு. வெண்டல்னு ஒருத்தர் நேத்து உங்ககிட்டப் பேசலையா?"

"யாரும் பேசலையே. நிறுத்தணும்னா போலீஸ்கிட்ட இருந்து தாள் வாங்கிட்டு வாங்க."

உடைந்த கான்கிரீட் சரிந்தது. லாரியின் உறுமலுக்கடியில், குழிக்குள்ளிருந்து...

டிக்... டிக்... டிக்...

மேற்பார்வையாளரும் ஒருகணம் தலையைத் திருப்பினார்.

அடுத்த லாரி கொட்டியது.

டிக்...

அவ்வளவுதான்.

நான் அழைத்திருந்ததைப் பார்த்துவிட்டு 11.30 மணிக்கு லோர்னா என் ஷெட்டுக்கு வந்தார். ஒட்டவைத்த காதுகளைக் காட்டி என் தவறைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. பித்தளையை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"டெவ்லின் பைக்ல காதே கெடையாது சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அத வைக்கத்தான் அன்னைக்கு ஒண்ணு இருபதுக்குக் கெளம்பினான். பட்டறைக்காரர் வரச் சொல்லிருந்தாராம். 'வரும்போது பாரு லோ, சுத்திக்கிட்டே இருப்பேன்'னு சொல்லிட்டுப் போனான். ஆனா அவன் வரவே இல்லைன்னு அந்தப் பட்டறைக்காரர் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு."

காதுகள் இருக்கின்றன. எனில், அவன் அங்கே போயிருக்கிறான்.

"யார் அந்தப் பட்டறைக்காரர்?"

"எனக்கு அப்போ பதினோரு வயசு. ஆள நான் பாத்ததில்ல." கைப்பேசியில் பழைய அறிக்கையின் படத்தைத் தேடி எடுத்து என்னிடம் காட்டினார். வாக்குமூலத்தின் அடியில் பெயர் இருந்தது.

செவ்வாய்தோறும் எனக்கு டோனட் கொண்டுவரும் பெயர்.

வெள்ளியன்று விடுப்பு முடிந்து வந்த அதிகாரியிடம் அனைத்தையும் சொன்னேன். "பித்தளைல பேரா எழுதியிருக்கு சார்?" என்றார். "குழியும் மூடியாச்சு. அதுக்கும் உங்க லெட்டர்தான் ஆதாரம்." முப்பத்தோராண்டுகள் பிறர் தவறுகளைச் சிவப்பு மையால் திருத்திய கை இது. என் தவறு அந்த அலுவலகக் கோப்பில் இன்றும் திருத்தப்படாமல் கிடக்கிறது.

அடுத்த செவ்வாய் 10.15 மணிக்கு வெண்டல் வந்தார். டோனட் பெட்டியைத் திறந்தார். நான் அறிக்கையிலிருந்த பெயரைப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு டோனட்டை எடுத்துத் தின்றார். மூன்று மணிநேரம் ஆகியும் போகவில்லை. எதற்கோ காத்திருப்பவர்போல அமர்ந்திருந்தார்.

1.20.

டிக்... டிக்... டிக்...

சிமென்டுத் தரையில் ஈரக்கோடு ஒன்று மெல்லக் கிளம்பியது. அவருடைய நாற்காலியைச் சுற்றி வளைந்தது.

வெண்டல் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பு நனையாதபடி இரு கால்களையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"மூணு நிமிஷம் சுத்தும். அப்புறம் போயிடும் வாத்தியாரே," என்றார். "எங்க வீட்டுல முப்பத்தெட்டு வருஷமா தெனம் சுத்துது."