கட்டுமாவடியில் ஒரு கீறல் குடம்

கட்டுமாவடிக் கடற்கரையில் என் பாத்திர வண்டி நிற்கிறது. நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனாலும் எங்கள் ஊர் பொன்னமராவதியில் என் கடைக் குடத்தை எவரும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை, அவ்வளவு நம்பிக்கை.

இங்கே நாகம்மாள் ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். நாடகக் கம்பெனியை விட்டு வந்து, மூன்று பேரைச் சேர்த்துப் புதுவிதமாக நாடகம் போடுகிறவள். "படகுப் பலகையைத் தட்டி நாடகம் போடுற எடத்துல எனக்கென்ன வேலை?" என்று ஆர்மோனியக்காரர் காலையிலேயே கோபித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் முதல் ஆட்டம். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழும் இடத்துக்கு ஓசை வேண்டும்.

"மொதலாளி, எல்லாக் கொடமும் கல்யாண வீடு மாதிரிச் சிரிக்குதுங்க."

"நம்ம சரக்கு அப்படித்தான் தாயி!"

கடைசிக் குடம் அடைத்த தொண்டையில் பேசுகிறது. கீறல். என் முகம் சுண்டிப்போகிறது.

"அத வையி. நல்லதாத் தாரேன்."

"இதுதாங்க அழுவுது. இதையே குடுங்க."

மணலில் உட்கார்ந்து அதை மெல்லத் தட்டுகிறாள். வலை பின்னும் பெண்களின் கைகள் நிற்கின்றன. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்.

பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறேன்: "அந்தக் கொடமும் நம்ம கடைச் சரக்குதான்."