பட்டுச்சேலை கட்டித் தள்ளிய ஜீப்: திருப்புலி நாட்டில் ஒரு நாள்

சேலத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவள் நான். போன மாதம் கொல்லிமலைக்குப் போனது அருவி பார்க்க இல்லை. மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. குக்கிராமங்களிலிருந்து கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. கல்லூரி முடித்த வருடம் அங்கே தன்னார்வலராக இருந்தேன். அதை நடத்தும் செல்வி அக்கா போன் செய்தார்.

"கண்ணு, ஜீப்பு இனித் தாங்காது. வேற வண்டிக்கு நன்கொடை வரலீன்னா நிறுத்திப்போடோணும். ஒரு வீடியோ எடுத்துக் குடு சாமி, நெட்டுல போடலாம்."

மறுபேச்சே இல்லை, கிளம்பிவிட்டேன்.

நாமக்கல்லில் காலை ஆறரைக்குச் செம்மேடு பஸ். காரவள்ளி வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இதே வளைவுகளில் அந்த ஜீப்பின் பின்சீட்டில், பாப்பாத்தி என்ற நிறைமாதப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் என் விரல்களை நெரித்தாள். அந்த வயதும் அந்த அவசரமும் திரும்ப வராதே என்று ஏக்கமாக இருந்தது.

செம்மேட்டில் அதே ஜீப், அதே டிரைவர் ராஜேந்திரன் அண்ணன். உள்ளே அதே டீசலும் மிளகும் கலந்த வாசனை.

"இன்னும் ஓடுதுங்களா அண்ணா?"

"ஓடுதுங்க அம்மிணி. கெளம்பத்தான் மாட்டீங்குது."

ஊருக்குப் போய் இறங்கினால், அடேயப்பா! பெண்கள் அத்தனை பேரும் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. முன்னால் நின்றது பாப்பாத்தி.

"என்னக்கா இது கோலம்?"

"கல்யாண வீடியோ எடுக்கற புள்ள வாருதுன்னாங்க. பழைய சேலையிலயா நிப்போம்?"

செல்வி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் பட்டைப் பாத்துட்டு எவன் நன்கொடை குடுப்பான்? போய் மாத்திக்கிட்டு வாங்க."

ஒருத்தியும் அசையவில்லை. "இதை எம்பட பையன் பாப்பானுங்க. அழுக்குச் சேலையில அழுதுக்கிட்டு நிக்கமாட்டேன்" என்றாள் பாப்பாத்தி.

சரி என்று உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். கல்யாண மேடையில் நிற்பதுபோல விறைத்துக்கொண்டார்கள். மதியம் வரை எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

அப்போது பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து போன் வந்தது. ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. ராஜேந்திரன் அண்ணன் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். ஜீப் இருமியதே தவிர கிளம்பவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பட்டுச்சேலைகளை இடுப்பில் சொருகிக்கொண்டு அத்தனை பேரும் ஜீப்பின் பின்னால் கை வைத்துவிட்டார்கள். பழைய பழக்கத்தில் நானும் கேமராவை வைத்துவிட்டு ஓடினேன். பாப்பாத்தி அதட்டினாள்.

"நீ எடு கண்ணு! தள்ளறதுக்குத்தான் நாங்க இருக்கறமல்லோ!"

எடுத்தேன். சேறு தெறித்தது, பூ உதிர்ந்தது, ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். சரிவில் ஜீப் உறுமிக் கிளம்பியது. செல்வி அக்கா நான் எடுத்ததைப் போனில் மூன்று தடவை பார்த்துவிட்டு, "இதையே போட்டுரு" என்றார். சோகப் பாட்டு எதுவும் சேர்க்காமல் அப்படியே போட்டோம்.

போகிறவர்களுக்கு: செம்மேட்டில் அறை எண்ணூறு ரூபாய். ஸ்வெட்டர் அவசியம். வாசலூர்பட்டியில் படகு விடுகிறார்கள், நேரமிருந்தால் போங்கள். சாமை அடிக்கும் களத்தில் செருப்போடு ஏறாதீர்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால், சேலை மாற்றிவர அரை மணி நேரம் கொடுங்கள்.

நேற்று ராஜேந்திரன் அண்ணன் கூப்பிட்டார்.

"வேற வண்டி வந்திருச்சுங்க அம்மிணி. சாவியைத் திருப்புனதும் கெளம்பிருச்சு."

"எல்லாருக்கும் சந்தோசம்தானுங்களே?"

"அதையேன் கேக்கறீங்க! கண்ணாடியில பாத்தா, பாப்பாத்தி கூட்டம் பூராவும் சேலையைச் சொருகிக்கிட்டுப் பின்னால தள்ள நிக்குதுங்க."