ஒரு போத்தல் மெலடோனினும் நான் சொன்ன பொய்யும்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் தொடங்கிய கதை இது.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருப்பது போன்ற சவ்வு வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் உயிரை வாங்கும் வருத்தம். பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். கடைசியில் கிளினிக்கில் ஒரு லேடி டொக்டர் கண்டுபிடித்து, மாதவிடாயையே நிறுத்திவைக்கும் ஹோர்மோன் குளிசை தந்தார். வலி அடங்கியது.

எங்கள் பக்கம் ஹஜ்ஜுக்குப் போகிற பெண்களும், முப்பது நோன்பையும் விடாமல் பிடிக்க நினைக்கிறவர்களும் மாதவிடாயைத் தள்ளிவைக்க இப்படியான குளிசை போடுவார்கள். உம்மா என்னுடையதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். நோன்புதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு அந்தக் குளிசை என்று ஒவ்வொரு நாளும் நச்சரிப்பு. விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கம்.

அந்த நேரம் பார்த்துக் கட்டாரில் இருக்கும் என் மூத்த சகோதரி ராத்தா ஒரு போத்தல் மெலடோனின் அனுப்பினார். உறக்கத்துக்காக உடம்பிலேயே சுரக்கிற சாமானாம், என் வருத்தத்துக்கும் கேட்குமாம், போனில் பார்த்தாராம். நானும் படித்த மடைச்சி, பழைய குளிசையை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு இதைத் தொடங்கினேன். முதல் இரண்டு கிழமை, பதினாலு நாளும், அடித்துப்போட்ட மாதிரி உறக்கம். சுகம் வந்துவிட்டது என்று ராத்தாவுக்கு வொய்ஸ் அனுப்பிப் பெருமையடித்தேன்.

இரண்டாம் மாதம் வகுப்பில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வலி தாங்காமல் மேசையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தேன்.

மறுநாள் கிளினிக். குளிசையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று டொக்டர் கேட்டார். பின்னால் நீண்ட வரிசை. பக்கத்தில் மாப்பிள்ளை, என் புருஷன்; அவருக்கும் நான் நிறுத்தியது தெரியாது. யோசிக்காமல் ஓம் என்றேன். அப்படியென்றால் இந்த மருந்து இனிச் சரிவராது, ஒப்பரேஷன் செய்துதான் பார்க்கவேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தார்.

வெளியே கிடந்த நீள வாங்கில் வந்து உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக வயிற்றில் கத்தி வைக்கப்போகிறார்கள். போவோமா என்றார் மாப்பிள்ளை. நான் எழும்பித் திரும்ப உள்ளே போனேன். வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள், வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த தாதி மிஸ்ஸி முறைத்தார். பின்வாங்கவில்லை.

“நான் பொய் சொல்லிட்டன் டொக்டர். ரெண்டு மாசமா நீங்க தந்த குளிசையப் போடல்ல,” என்று கைப்பையிலிருந்த போத்தலை மேசையில் வைத்தேன்.

ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டு, போத்தலை எடுத்து வாசித்தார்.

“இத வெச்சி ஆராய்ச்சி நடக்குறது உண்மதான். சிலதுல வலி குறைஞ்சிருக்கு, சிலதுல ஒண்டும் தெரியல்ல. ஆனா உங்கட குளிசைக்குப் பதிலா இத வைக்க ஏலா. நீங்க மறைச்சா நான் என்னத்தப் பார்த்து வைத்தியம் செய்ற?”

முகம் எரிந்தது. பழைய குளிசையைத் திரும்பத் தொடங்கினேன். சில மாதத்தில் வலி தணிந்தது. கிளினிக்கிலிருந்து வந்த அன்றே உம்மாவை இருத்தி வருத்தத்தின் பெயரை மூன்று தரம் சொல்லி விளங்கப்படுத்தினேன். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று அழுதார். ராத்தா ஒரு கிழமை கோபமாக இருந்துவிட்டுத் தானாகக் கதைத்தார்.

எனக்கு ஒப்பரேஷன் ஒருநாள் தேவைப்படவும் கூடும். வரட்டும், பயமில்லை. ஆனால் பின்னால் வரிசை எவ்வளவு நீண்டாலும், யார் உச்சுக்கொட்டினாலும், நடந்ததை நடந்தபடி சொல்லி முடிக்காமல் டொக்டருக்கு முன்னால் இருக்கும் அந்தக் கதிரையை விட்டு நான் இப்போது எழும்புவதில்லை.