ஊரார் பிறந்தநாள் சோறு

யாழ்ப்பாண நகரத்தில், பெரிய வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி ஒரு முதியோர் இல்லம். அங்கே கிழமைக்கு நாலு நாளாவது யாருக்காவது பிறந்தநாள் வரும். பிறந்தவர்கள்தான் அங்கே இருக்கமாட்டார்கள். லண்டனில் ஒரு குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பும், சுவிசில் ஒருவருடைய தகப்பனின் திவசம் வரும். சோறு இங்கே வேகும். கிழவர்களும் கிழவிகளும் இலைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, பின்னால் தொங்குகிற, படம் போட்ட பனருக்கு மரியாதையாகக் கைதட்டிப் பாடவேண்டும். அது வீடியோவாகிக் கடல் கடந்து போகும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இந்தக் காலத்தில் வாங்குகிற வாய்கூட உலகத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.

அருமைநாயகிக்கு அந்த வீடியோ என்றால் நடுக்கம். கமெரா வந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள், அல்லது தலையிடி என்று கட்டிலில் படுத்துவிடுவாள். பக்கத்துக் கட்டில் இராசாத்திக்கு இது விளங்குவதேயில்லை. குருநகர்க்காரி, மீன் விற்று ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்றாலும் அவள் முன்வரிசையில் இருந்து பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள்.

"என்ரை பேரப்பிள்ளையள் எங்கையாவது காணட்டுமன், நாயகியக்கா. மீன்காரி நான் ஒளிக்கேல்லை, நீங்கள் ஏன் ஒளிக்கிறியள்?"

அருமைநாயகி வந்த புதிதில் இராசாத்தி தொட்ட கோப்பையில் தேத்தண்ணி குடிக்கமாட்டாள். தனக்கென்று ஒரு கோப்பையைத் தலைமாட்டில் வைத்திருந்தாள். "தேத்தண்ணிக்கு உங்கடை சாதி தெரியுமோ?" என்று இராசாத்தி சிரித்துக்கொண்டு கேட்டாளே தவிர, சண்டைக்குப் போகவில்லை. பிறகு காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி பருக்கியதும் அதே இராசாத்திதான். அதற்குப் பிறகு எந்தக் கோப்பை யாருடையது என்ற கதை எழும்பவில்லை. என்றாலும் தன் வீட்டுக் கதையை மட்டும் அருமைநாயகி அவளுக்கும் சொல்லவில்லை.

சொல்லக்கூடிய கதையா அது? உடுப்பிட்டியில் கல்வீடும் கிணறும் வளவுமாக வாழ்ந்தவள். பிள்ளைப்பாக்கியம் இல்லை. தங்கச்சி செத்தபோது அவளின் மகள் கோபிகாவுக்கு ஆறு வயது. பேன் பார்த்தது, பள்ளிக்கூடம் விட்டது, சாமத்தியச் சடங்கு செய்தது எல்லாம் பெரியம்மாதான். லண்டன் மாப்பிள்ளை பொருந்தியபோது அந்த வீட்டையே சீதனமாக எழுதினாள். "சாகுமட்டும் இருக்கிற சீவிய உரித்தை வைச்சு எழுதுங்கோ அம்மா," என்று பத்திரம் எழுதிய நொத்தாரிசு இரண்டு தரம் சொன்னார். வளர்த்த பிள்ளையிடம் அப்படி எழுதி வாங்குவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. எங்கள் ஊரில் நொத்தாரிசு சொல்வதைக் கேட்டுப் பிழைத்தவர்களை விட, கேட்காமல் கெட்டவர்கள்தான் கூட.

வீட்டை இடித்து மாடி கட்டினார்கள். "கட்டி முடியுமட்டும்தான், பெரியம்மா," என்று சொல்லி நகரத்தில் ஒரு வாடகை அறை எடுத்துக் கொடுத்தாள் கோபிகா. மாடி முடிந்தது. வாசலில் கமெரா பூட்டினார்கள், கேற்றில் பூட்டுப் போட்டார்கள். வா என்று யாரும் கூப்பிடவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆள் இல்லாத அப்படிப்பட்ட மாடிகள் இப்போது குடாநாடு முழுக்க நிற்கின்றன.

பிறகு குளியலறையில் விழுந்தாள், இடுப்பு முறிந்தது. அறை கொடுத்தவர்கள் இனி ஏலாது என்றார்கள். ஆசுப்பத்திரியிலிருந்து நேரே இல்லத்துக்கு வந்தாள். தொலைபேசியில் கோபிகாவிடம், "நல்ல ஒரு ரீச்சர் வீட்டிலை இருக்கிறன், பிள்ளை. ஒரு குறையுமில்லை," என்று சொல்லிவைத்தாள். வளர்த்த பிள்ளைக்கு ஊரில் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்குத்தான் தூணும் தலையிடியும்.

ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழா நேரம். இல்லத்து வாசலில் ஒரு வான் வந்து நின்றது. மகனின் பிறந்தநாளுக்குத் தன் கையாலேயே பரிமாற வேண்டும் என்று லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம். முதலில் இறங்கியவளை அருமைநாயகி உடனே அடையாளம் கண்டாள். கோபிகா. கொஞ்சம் தடித்திருந்தாள், நடை மட்டும் அதே நடை.

தூண் பக்கம் போன கால் நின்றது. ஒளித்து ஒளித்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. காணட்டும், கண்டுவிட்டு ஒருதரம் "வீட்டுக்கு வாங்கோ பெரியம்மா" என்று சொல்லட்டும். போகாமல் விட்டாலும் அந்தச் சொல் போதும். துவைத்த சேலையை மாற்றிக்கொண்டு வந்து இராசாத்திக்குப் பக்கத்தில், முன்வரிசையில் உட்கார்ந்தாள். இராசாத்தி இடித்துச் சிரித்தாள்.

கோபிகா சோற்று வாளியோடு இலை இலையாக வந்தாள். அருமைநாயகியின் இலைக்கு மேலே அகப்பை அப்படியே நின்றது. பக்கத்தில் இராசாத்தி கமெராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் கவனிக்கவில்லை.

"பெரியம்மா?"

"ஓம், பிள்ளை."

கோபிகாவின் கண் கலங்கியது. அது பொய்யில்லை. பிறகு திரும்பிக் கமெராவைப் பார்த்தாள். குனிந்து, காதுக்குக் கிட்ட மெல்லக் கதைத்தாள்.

"குறை நினையாதேங்கோ. உள்ளுக்கை இருந்து சாப்பிடுங்கோவன். வீடியோவை இவரின்ரை ஆக்களெல்லாம் பாப்பினம். வீட்டை எழுதி வாங்கிப்போட்டு ஹோமிலை விட்டிருக்கிறாள் எண்டு கதை வரும்."

அவளே கையைப் பிடித்து எழுப்பி, சோறு வெந்த குசினிக்குள் வாங்குப் பலகையில் இருத்தி, இலையையும் கொண்டுவந்து வைத்தாள். கறி எல்லாம் ஒழுங்காகப் பரிமாறினாள், பாயசமும் வைத்தாள். பிறகு வெளியே போய்விட்டாள். முன்னால் பாட்டுத் தொடங்கியது. இராசாத்தியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அருமைநாயகி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். இத்தனை மாதமாக இந்தப் பிள்ளைக்காகத்தான் ஒளித்தாள். இன்றைக்கு அதே பிள்ளை கையைப் பிடித்து ஒளித்து வைத்ததுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

வான் புறப்படும் முன் கோபிகா குசினி வாசலில் வந்து நின்றாள். "ரீச்சர் வீட்டிலை இருக்கிறியள் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன், பெரியம்மா. நீங்களும் மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ."

"மாத்தமாட்டன். நீ கவனமாப் போ."

பின்னேரம் இராசாத்தி கட்டிலில் வந்து குந்தினாள். "உந்த லண்டன் பிள்ளை உங்களைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனாவே, ஆர் அவ?"

"ஆள் மாறிப் பிடிச்சிட்டா. தன்ரை பெரியம்மா எண்டு நினைச்சிட்டாவாம்."

"பிறகு?"

"நானில்லை எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள் அருமைநாயகி.