வீரனுக்கு நேர்ந்த கிடா

காத்தான், ஊர்க்காவல் சாமியான வீரனுக்கு ஒரு கிடா கடன்பட்டிருந்தார். சர்க்கரை வியாதியில் கண் மங்கிக்கொண்டு வந்தபோது, பார்வை திரும்பினால் தருகிறேன் என்று வேண்டி, ஓர் ஆட்டுக்குட்டியின் காது நுனியை நறுக்கி நேர்ந்துவிட்டார். பார்வை திரும்பவில்லை. தஞ்சாவூரில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். குட்டி மட்டும் வளர்ந்தது.

காத்தான் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாபநாசத்துக்குத் தெற்கே அந்தத் தெருவில், கூலிக்கு நாற்று நட்ட வயலையே விலை பேசி வாங்கிய முதல் ஆள் அவர்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை, பத்திரத்தில் கைநாட்டுதான். ஆனாலும் ஒரு பயல் அவரை ஏமாற்றியது கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் கண் போனதும் வீட்டோடு கிடந்தார். பொண்டாட்டி அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போக அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

வழி காட்டியது அந்தக் கிடாதான். ஆட்டுக்கு ஈரம் ஆகாது. வரப்பை விட்டுச் சேற்றில் கால் வைக்காது. வாய்க்கால் வந்தால் நின்றுவிடும். கையில் பிடித்த கயிறு தளர்ந்ததும் காத்தான் கம்பால் தட்டி, குறுக்கே போட்ட பலகையைக் கண்டுபிடித்துக் கடப்பார். "தொரை சேத்துல எறங்க மாட்டாரு" என்பார். பேரே தொரை ஆகிவிட்டது. மடை திறக்கவும் பயிரைத் தடவிப் பார்க்கவும் தொரையோடு தனியாகவே போய்வந்தார்.

அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் நாலு பேரைக் கண்டால் அவருக்கு நாக்கு நிற்காது. "எனக்குக் கண்ணு போச்சுன்னு எவண்டா சொன்னது? வீரன் நாலு காலோட திருப்பிக் குடுத்துட்டான்!"

ஆடித் திருவிழாவுக்கு ஊர் கூடியபோது பூசாரி ரெத்தினம் கேட்டார். அவர் காத்தானுக்கு மச்சான் முறை.

"என்ன மச்சான், தொரைய எப்ப ஓட்டியாற?"

"பார்வை வந்தாத்தான்யா கிடா. வரலியே."

"திருப்பிக் குடுத்துட்டான்னு டீக்கடையில சொன்னது யாரு, உன் ஆவியா? வாங்கிக்கிட்டு இல்லங்கிறியே, சாமிக்கே அல்வாவா?"

கூட்டம் சிரித்தது.

"வேற ரெண்டு கிடா வாங்கித் தர்றேன். இத விட்டுரு மச்சான்." காத்தான் கெஞ்சி ஊர் கேட்டது அன்றைக்குத்தான்.

"காது நறுக்குனத மாத்துறதா? நாளைக்கு எவன் வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் உன்னையத்தான் சொல்லுவாங்க."

கோயிலுக்கு வழி காட்டிப் போனதும் தொரைதான். ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. தலையில் தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் வெட்டுவார்கள். சிலிர்க்காமல் நின்று பிழைத்த கிடாக்கள் உண்டு. காத்தான் கயிற்றை இறுகப் பிடித்தபடி, "அசையாதடா தொரை" என்று முணுமுணுத்தார்.

ஈரம் ஆகாத ஆடு. தண்ணீர் பட்ட மாத்திரத்தில் உதறியது. "உத்தரவு குடுத்துட்டான்!" என்று கூட்டம் குலவையிட்டது. கயிறு தளர்ந்தது. காத்தான் பழக்கத்தில் கம்பை நீட்டி, முன்னால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

கிடாவின் தலை பூசாரிக்கு, தோல் நேர்ந்தவருக்கு என்பது கோயில் வழக்கம். மறுநாள் காலையில் தோல் வியாபாரி பாசித் வண்டியை வாசலில் நிறுத்தினார்.

"தோலுக்கு இப்பல்லாம் வெல இல்லைங்க பெரியவரே. கைய நீட்டுங்க."

காத்தான் கையை எங்கோ நீட்டினார். அம்சம் அதைப் பிடித்துத் திருப்பி விரித்தாள். பாசித் ஒவ்வொரு நோட்டாக வைத்தார்.

"பத்து... இருவது... முப்பது... நாப்பது."