ஊமைக் கட்டையின் சுரம்

பாச்சை உருண்டையின் மணத்துக்கு நான் எப்போதும் மனம் இளகுபவன். சென்ற வாரம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் இசையறை அலமாரியைத் திறந்தபோது, அந்த மணத்தின் அடியிலிருந்து மெல்லிய சேற்று வாடையும் எழுந்தது. கீழ்த்தட்டின் மரம் தாமிரபரணியை இன்னும் மறக்கவில்லை.

ஆர்கன் வாசிப்பதும் பாட்டுத்தாள்களைக் காப்பதும் அக்கோயிலில் என் இரு ஊழியங்கள். இளமையில் சைவத் தமிழாசிரியர் ஒருவரிடம் பதிகங்களைப் பண்ணோடு ஓதக் கற்றுவிட்டு, குரலுக்கொரு மெட்டாக நால்வகைக் குரல்கள் சேர்ந்து பாடும் நாற்குரல் கீதத்துக்கு வந்தவன் நான். ஆகவே தாள் அடுக்குவதிலும் ஒரு வழிபாட்டு ஒழுங்கு வேண்டுமென்று எண்ணுபவன். அந்த ஒழுங்கைக் கேளுங்கள்: ஆண்கள் உயரமானவர்கள், எனவே அவர்கள் தாள்கள் மேல்தட்டில், பெண்களுடையவை கீழே. வெள்ளம் வந்த ஆண்டில் ஆறு கோயிலுக்குள் நுழைந்து, என் நூலக அறிவை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது.

அப்போது கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்தது. பவனியில் பாடும் கீதத்தில் பெண்களின் மேற்குரல் தாள்கள் போனதில் கவலையில்லை. ராகமே அதுதான், ஊரே அறியும். அதற்குக் கீழே நடக்கும் பெண்குரலான ஆல்ட்டோ அப்படியன்று. அதன் தாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேறெங்கு கேட்டும் பிரதி கிடைக்கவில்லை.

குருவானவர் துடைப்பமும் கையுமாக நின்றார். “இந்த வருஷம் எல்லாரும் ஒரே ராகமாப் பாடிருவோம், அண்ணாச்சி. சேறு அள்ளவே ஆளு பத்தல.”

நியாயமான பேச்சு. நான் தலையசைக்கப் போனேன். அதற்குள் ஆல்ட்டோ வரிசையின் மூத்தவரான எஸ்தர் அக்காள் வாளியை நங்கென்று கீழே வைத்தார்.

“தாளுதானய்யா போச்சு. தொண்டையுமா ஆத்தோட போச்சு?”

அன்று மாலையே அவரும் பக்கத்தில் நின்று பாடும் ரூபி டீச்சரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பாட, நான் எழுதினேன். அத்தனை ஆண்டுகளும் எஸ்தர் அக்காள் தாளைக் கையில் பிடித்திருந்தது வெறும் மரியாதைக்காகத்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாம் காதால் கற்றது. மூன்றாம் வரியில் என் பேனா நின்றது. அவர்கள் பாடிய ஒரு சுரம் ஆண்குரலின் சுரத்தோடு உரசியது.

“அக்கா, இங்கன இடிக்குதே.”

“இடிக்கட்டும். கல்யாணமாகி வந்ததுலேருந்து அங்கனதான் நிக்கேன். நீ எழுது, தம்பி.”

ரூபி டீச்சர் சிரித்தார். “அக்காவ நகத்த முடியாது அண்ணாச்சி. நாங்களும் அங்கனதான் நிக்கோம்.”

வீட்டு ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். என் விரலும் கேளாமலே அங்கேதான் போய் நின்றது. எழுதிவிட்டேன்.

ஈரம் காயாத பெஞ்சுகளுக்கிடையே அந்த ஆண்டும் நான்கு குரல்களும் நடந்தன. மூன்றாம் வரியில் அந்த உரசல் வந்தபோது குருவானவர் கண்களை மூடிக்கொண்டார். பக்தியோ, சேறு அள்ளிய களைப்போ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற வாரம் அலமாரியைத் திறந்ததற்குக் காரணம் உண்டு. நாகர்கோவில் நண்பர் ஒருவர் அக்கீதத்தின் பழைய அச்சுப் பிரதியைக் கண்டெடுத்துப் படமாக அனுப்பியிருந்தார். என் கையெழுத்தோடு ஒப்பிட்டேன். அந்த ஒரு சுரம் மட்டும் அச்சில் ஒரு படி கீழே இருந்தது. அப்போதுதான் பழைய ஆர்கன் நினைவுக்கு வந்தது. நான் ஊழியத்துக்கு வந்த காலத்தில் இருந்தது, காலால் மிதித்து வாசிப்பது. அதில் அச்சிலுள்ள அந்தச் சுரத்துக்குரிய கட்டை ஊமை, அழுத்தினாலும் ஒலிக்காது. எனக்கு முன் வாசித்தவரும், பின்பு நானும், அவ்விடம் வரும்போது அடுத்த கட்டைக்கு விரலை நகர்த்திக்கொண்டோம். பெண்கள் ஆர்கன் சொன்னதைப் பாடினார்கள்.

இப்போது ஆல்ட்டோ பாடும் இளம்பெண் ஒருத்தி, சுரம் படிக்கத் தெரிந்தவள், இனி அச்சில் உள்ளபடி பாடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். என் கையெழுத்துத் தாளையே பிரதி எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்து மூலத்தை மேல்தட்டில் வைத்து, ஆண்கள் தாள்களைக் கீழே இறக்கினேன். இனி ஆண்கள் குனியட்டும்.

பழைய ஆர்கன் விறகாகிப் போயிற்று. இன்றைய கருவியில் எல்லாக் கட்டைகளும் பேசுகின்றன. ரூபி டீச்சர் மகளோடு கோவையில் இருக்கிறார். எஸ்தர் அக்காள் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தை அடுத்து. நேற்றைய ஒத்திகையில் மூன்றாம் வரி வந்ததும் புதிய குரல்கள் சற்றே தயங்கின. அக்காள் நின்ற அந்தச் சுரத்தின் கட்டையை நான் விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன்.

அங்கனதான் நின்றார்கள்.